ஆர் மொழி: எங்கே தொடங்குவது?

கேள்வி: தொற்றுநோயியல் மாணவர்களுக்கு, புள்ளியியல் கணக்குக்கான ஆர் (R) என்ற நிரல்மொழியைக் கற்றுத்தருகிறேன். மாறி, லூப், ஃபங்ஷன் என்று நிரலாக்க அடிப்படைகளில் போனால் இரண்டாம் வகுப்பிலேயே சோர்ந்துவிடுகிறார்கள். எங்கே தொடங்கலாம்?

பதில்: லூப்பைத் தள்ளிப்போடுங்கள். அவர்களுக்குக் கைவந்த இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் தொடங்குங்கள். விருந்தில் ஒரு பண்டத்தைச் சாப்பிட்ட 50 பேரில் 30 பேருக்கும், சாப்பிடாத 50 பேரில் 10 பேருக்கும் வயிற்றுப்போக்கு என்று வையுங்கள். முதலில் காகிதத்தில் போடட்டும்: தாக்கு விகிதம் (நோயுற்றோர் பங்கு) 60, 20 சதவீதம், இடர் விகிதம் (60-ஐ 20-ஆல் வகுத்தது) 3, ஆட்ஸ் ரேஷியோ (நோயுற்றோருக்கும் நோயுறாதோருக்கும் உள்ள விகிதங்களின் ஒப்பீடு: 30/20-ஐ 10/40-ஆல் வகுத்தது) 6. பிறகு அதே தரவை ஆளுக்கொரு வரியாக, 100 வரியுள்ள சிஎஸ்வி (CSV, காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பாகக் கொடுத்து, அந்த எண்களை ஆரில் வரவழைக்கச் சொல்லுங்கள். விடை முன்பே தெரியும் என்பதால், தப்பு நேர்ந்தால் தாங்களே தேடுவார்கள்.

அடுத்து, வேண்டுமென்றே அழுக்கான கோப்பு. விடுபட்ட வயதுக்கு 999 போட்டிருந்தால் சராசரி எகிறும். வெற்றிடமாக விட்டிருந்தால் சராசரியே என்ஏ (NA, மதிப்பு இல்லை) என்று வரும். எக்செல் தேதி 44927 என்று எண்ணாக வந்து நின்றால் பதறவேண்டாம், அது 1.1.2023.

கேள்வி: அதே ஆட்ஸ் ரேஷியோவை லாஜிஸ்டிக் ரெக்ரஷன் (ஆம்/இல்லை விளைவுக்கான புள்ளியியல் மாதிரி) வழியாக எடுத்தால், 6 வரவேண்டிய இடத்தில் 0.17 வருகிறதே?

பதில்: ஒப்பீட்டு வகை, அதாவது மற்றதை எதோடு ஒப்பிடுகிறோமோ அது, மாறிவிட்டது; அதனால் 6 தலைகீழாகி 1/6 ஆகிவிட்டது. ஆர், அகரவரிசையில் முதலில் வருவதை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளும். சாப்பிட்டதை 'ஆம்', 'இல்லை' என்று தமிழில் பதிந்தால் 'ஆம்' முந்திக்கொள்ளும். 'இல்லை'யை ஒப்பீட்டு வகையாக நீங்களே குறிப்பிடுங்கள். 1.79 வந்தால் அது வேறு கதை: ஆர் தரும் கெழு (coefficient) ஆட்ஸ் ரேஷியோவின் மடக்கை (log); அதை exp() கொண்டு அடுக்கேற்ற மறந்திருக்கிறார்கள்.