அப்பாவுக்கு டயாலிசிஸ், எனக்கும் வருமா?

"அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகத்திலும் நிறைய நீர்க்கட்டிகள், 54 வயதில் டயாலிசிஸ். எனக்கு 31. எனக்கும் வருமா டாக்டர்?"

இது பாலிசிஸ்டிக் கிட்னி என்ற பரம்பரை நோய் மாதிரி தெரிகிறது, வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பூவா தலையா போட்ட மாதிரிதான், அண்ணனுக்கு வந்துவிட்டது அதனால் நான் தப்பித்தேன் என்ற கணக்கெல்லாம் இங்கே செல்லாது. பெரும்பாலான குடும்பங்களில் பழுது 16ஆவது குரோமோசோமில் உள்ள பி.கே.டி.1 மரபணுவில் இருக்கும்; மீதியில் பெரும்பகுதி 4ஆவது குரோமோசோமின் பி.கே.டி.2. எது என்று தெரிந்து என்ன லாபம் என்றால், பி.கே.டி.1இல் புரதம் பாதியிலேயே அறுந்துபோகும் வகைப் பழுதாக இருந்தால் சிறுநீரகம் கைவிடும் வயது சராசரியாக 55ஐ ஒட்டி வருகிறது, பி.கே.டி.2 என்றால் 79ஐ ஒட்டி. உங்கள் அப்பாவின் வயதைப் பார்த்தால் முதல் வகையைத்தான் சந்தேகிப்பேன்.

அதற்காக ஜீன் டெஸ்ட்டுக்கு ஓடாதீர்கள். முதலில் ஒரு அல்ட்ராசவுண்ட்: உங்கள் வயதில், குடும்பத்தில் நோய் இருக்கும்போது, இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று கட்டிகள் தெரிந்தாலே உறுதி. அப்புறம் பி.பி.யை இன்றைக்கே பாருங்கள், நோய் இருந்தால் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய ரத்தக் கழிவு) ஏறுவதற்குப் பல வருஷம் முன்பே அது ஏறத் தொடங்கிவிடும். (60 வயதுப் பெரியவருக்கு ஒரே ஒரு கட்டி என்று ஸ்கேனில் வந்தால் பயப்பட வேண்டாம், அது அனேகமாக மூப்பின் வேலை.)

"அதே நோய் என் அண்ணனுக்கு. 27 வயது, என் ஸ்கேன் சுத்தம். நான் கிட்னி தரலாமா?"

தரலாம், ஆனால் அந்த ஸ்கேனை மட்டும் நம்பி இல்லை. எம்.ஆர்.ஐ. எடுங்கள், ஜீன் டெஸ்ட் செய்வதானால் முதலில் அண்ணனுக்கு, அவரிடம் கிடைத்த பழுதை மட்டும் உங்களிடம் தேட வேண்டும். பி.கே.டி.1க்கு அதே குரோமோசோமில் ஆறு போலிப் பிரதிகள் இருக்கின்றன, அவற்றைப் பிரித்துப் படிக்கத் தெரிந்த லேபாகப் பாருங்கள்.

"பையனுக்குச் சளி பிடித்தால் சிறுநீர் சிவப்பாகப் போகிறது. என் தம்பிக்கு டயாலிசிஸ், காதும் மந்தம்."

அம்மா, இதைத் தள்ளிப்போடாதீர்கள். தாய்மாமனுக்குக் காதும் சிறுநீரகமும் சேர்ந்து கெட்டிருந்தால் நான் முதலில் நினைப்பது ஆல்போர்ட் நோயை, பெரும்பாலும் எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் கொலாஜன் (சிறுநீரக வடிகட்டியையும் காதையும் தாங்கும் புரதம்) பழுது அது. சிறுநீரில் புரதம் ஒழுகத் தொடங்கும்போதே ராமிப்ரில் மாதிரி பி.பி. மாத்திரை கொடுத்தால் டயாலிசிஸ் பல வருஷம் தள்ளிப்போகிறது. உங்கள் சிறுநீரையும் சோதித்துக்கொள்ளுங்கள், அம்மாக்கள் வெறும் 'கடத்துபவர்கள்' என்று பழைய புத்தகங்களில் எழுதியது தப்பு, உங்களுக்கும் பாதிப்பு வரலாம்.

"சிறுநீரக நோய்க்கு ஏ.பி.ஓ.எல்.1 மரபணு டெஸ்ட் எடுக்கவா?"

பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்காவா? இல்லையென்றால் வேண்டாம். உறக்கநோய்க் கிருமியிடமிருந்து அந்த மக்களைக் காத்த மாற்றம் அது, அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்து இரண்டு பிரதி சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து அதிகம். அந்தக் காசில் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் ஒழுகுகிறதா என்று பாருங்கள்.