மீத்தைல் யூஜினாலா, கியூ லூரா?

கே: மாந்தோப்புக்கு என்று சொல்லித்தான் பழ ஈ பொறி வாங்கினேன். மூணு வாரமாக ஒரு ஈ கூட விழவில்லை. அதே கடைப் பொறி பக்கத்துப் பீர்க்கம்பந்தலில் நிறைகிறது. – கோபிசெட்டிபாளையம்

ப: உங்கள் தலையில் கட்டியது கியூ லூர். லூர் என்றால் ஆண் ஈயைப் பொறிக்கு இழுக்கும் வாசனைப் பொருள். பாகல், பீர்க்கன், புடலையில் வரும் ஈக்கானது அது. மாவுக்கு மீத்தைல் யூஜினால் என்ற லூர் வேண்டும். மாவுக்கென்று கேட்டுத்தானே வாங்கினீர்கள், தப்பு கடைக்காரருடையது. உறையைப் படமெடுத்துக்கொண்டு பில்லோடு போய் மாற்றித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

கே: மாவில் மூணு வகை பழ ஈயாம். மூணுக்கும் தனித்தனி லூர் என்று செட்டாகத் தருகிறார்கள். – உடுமலை

ப: வேண்டாங்க. பாக்ட்ரோசெரா டார்சாலிஸ், கரெக்டா, சோனேட்டா மூன்றின் ஆணும் மீத்தைல் யூஜினாலுக்கே வரும். எது எதுவென்று பார்க்க ஒரு பூதக்கண்ணாடி போதும். இறக்கையின் முன்விளிம்பில் கருங்கோடு நுனிவரை அறாமல் ஓடினால் டார்சாலிஸ். கோடு விட்டுப்போய் நுனியில் பொட்டு மட்டும் இருந்தால் மற்ற இரண்டில் ஒன்று. அதில் முகத்தில் இரண்டு வட்டப் புள்ளி தனித்தனியாக இருந்தால் சோனேட்டா. புள்ளிகள் குறுக்கே நீண்டு கோடுபோல் தெரிந்தால் கரெக்டா.

கே: பழ ஈக்கு மஞ்சள் ஒட்டட்டை நல்லதா? – தாராபுரம்

ப: அது வெள்ளை ஈக்கு. நான் வாங்கிய கட்டு அட்டாலியில் கிடக்கிறது.

கே: பொறி நிறைய ஈ. ஆனாலும் மல்கோவாவில் புழு. காசு தண்டமா? – பொள்ளாச்சி

ப: எத்தனை பொறி, எப்போது கட்டினீர்கள் என்று எழுதவில்லையே! பொறியில் விழுவது ஆண் மட்டும். காயில் துளை போட்டு முட்டை வைப்பது பெண். இணை சேருமுன் ஆண் குறைய வேண்டும். அதனால் அறுவடைக்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே ஏக்கருக்கு 4 முதல் 6 பொறி, நிழலான கிளையில், ஆள் உயரத்தில். பழுத்தபின் கட்டினால் எண்ணிப் பார்க்கத்தான் உதவும். உதிர்ந்த பழத்தைத் தினமும் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். விட்டால் புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, அடுத்த ஈயாக வரும்.

எனக்குத் தீராத கோபம் லூர் கட்டையை விற்கும் விதத்தில். எத்தனால் 6, மீத்தைல் யூஜினால் 4, மாலத்தியான் என்ற பூச்சிக்கொல்லி 1 என்ற விகிதத்தில் ஊறவேண்டிய பிளைவுட் துண்டு அது. வாசம் ஆவியாகிப் போகிற சரக்கு. அதைத் திறந்த டப்பாவில் குவித்து வைத்து எண்ணிக் கொடுக்கிறார்கள்! தகடுப்பையில் ஒட்டி, தயாரித்த தேதி அச்சிட்டது இல்லையென்றால் வாங்காதீர்கள்.

கே: சந்தையில் லேபிள் இல்லாத ‘ஈ மருந்து’ பாட்டில் வாங்கினேன், பில் இல்லை. லிட்டருக்கு எவ்வளவு? – காங்கேயம்

ப: ஒரு சொட்டும் வேண்டாம். பில் கேட்காமல் விஷம் வாங்கிவிட்டு என்னிடம் அளவு கேட்கிறீர்கள். பாட்டிலைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டிவைத்து, வட்டார வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள்.