ஊருக்குள் 11, நால்வழிச்சாலையில் 17: கோளாறு எஞ்சினிலா, பாதையிலா?

கேள்வி: வீடு குழித்துறை தாண்டி, கடை மார்த்தாண்டம் சந்தைப் பக்கம். ஒரு நடைக்கு மூன்றரை கிலோமீட்டர். காலையில் ஒரு நடை, மதியம் சாப்பாட்டுக்கு வந்து போவது, ராத்திரி திரும்புவது, அவ்வளவுதான் ஓட்டம். போன வருடம் கேரளாவில் பாறசாலைப் பக்கத்துப் புரோக்கர் ஒருவர் மூலம் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார். கம்பெனி சொல்லும் மைலேஜ் 21. எனக்கு 11-தான் கிடைக்கிறது. திருநெல்வேலி போய்வந்தால் 17 வருகிறது. ஒர்க் ஷாப்பில் காட்டினேன். “இன்ஜெக்டர் அடைஞ்சு கெடக்குக்கா, கிளீன் பண்ணி, கார்பன் எடுத்து, ஒரு சிப்பும் போட்டா 18 உறுதி” என்கிறார்கள். 7,500 ரூபாய் கேட்கிறார்கள். செய்யலாமா? கேரளா பங்கில் அடித்தால் மைலேஜ் கூடும் என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: செய்ய வேண்டாம். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. திருநெல்வேலி போனால் 17 வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இன்ஜெக்டர் என்பது எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கிற முனை. மார்த்தாண்டத்தில் அடைத்துக் கிடக்கும் இன்ஜெக்டர் திருநெல்வேலி வழியில் காவல்கிணறு தாண்டியதும் தானாகத் திறந்துகொள்ளாது. அதே எஞ்சின், அதே இன்ஜெக்டர், அதே பெட்ரோல். மாறியது பாதை மட்டும்தான்.

உங்கள் மூன்றரை கிலோமீட்டரை மில்லிலிட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தோராயக் கணக்குதான், ஆனால் விஷயம் விளங்கும். எங்கும் நிற்காமல் 40 வேகத்தில் சீராகப் போனால் இந்த அளவு வண்டி லிட்டருக்கு 20 கொடுக்கும். அப்படியென்றால் மூன்றரை கிலோமீட்டருக்கு 175 மில்லி போதும். இனி, 40-ல் போகும்போது பிரேக் அடித்து நிற்கிறீர்கள் என்று வையுங்கள். அந்த வேகத்துக்காகச் செலவழித்த பெட்ரோல் முழுவதும் பிரேக் பேடில் சூடாகிக் காற்றோடு போய்விட்டது. மறுபடி 40-க்கு வர ஒரு டன் எடையைப் புதிதாகக் கிளப்ப வேண்டும். அதற்கு 8 அல்லது 9 மில்லி. ஆறு இடத்தில் நின்று கிளம்பினால் 50 மில்லி. ஏசி போட்டு நின்ற இடத்தில் எஞ்சின் ஓடினால் மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும். நாலு நிமிடத்துக்கு 60 மில்லி. எஞ்சின் ஆறிக் கிடந்து கிளம்பும்போது அதைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்கும், ஆயிலும் கெட்டியாக இருக்கும். அதற்கு ஒரு 30 மில்லி. எல்லாம் கூட்டினால் 315. மூன்றரை கிலோமீட்டரை 315 மில்லியில் ஓடினால் லிட்டருக்கு 11. நீங்கள் சொன்ன அதே 11.

இதில் அந்த 30 மில்லியைச் சின்னதாக எண்ணாதீர்கள். திருநெல்வேலிக்குப் போகிற வண்டி அதை ஒரே ஒரு முறை கொடுத்துவிட்டு மிச்ச வழியெல்லாம் சூடான எஞ்சினோடு ஓடுகிறது. உங்கள் வண்டியோ ஒவ்வொரு நடைக்கும் கொடுக்கிறது. எஞ்சின் சரியான சூட்டுக்கு வருகிற நேரத்தில் நீங்கள் கடை வாசலில் சாவியைத் திருப்பிவிடுகிறீர்கள்.

கம்பெனி சொன்ன 21 எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். சோதனைக் கூடத்தில் உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி, வகுத்துவைத்த வேகத்தில் இருபது நிமிடம் ஓட்டி எடுக்கிற எண் அது. ஏசி ஓடாது. அதிக வேகமே 90-தான். முன்னால் குறுக்கே வருகிற ஆட்டோ கிடையாது, ஏற்றம் கிடையாது. இரண்டு கம்பெனி வண்டிகளை ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் உதவும். உங்கள் ரோட்டில் கிடைக்கப்போவது அதுவல்ல. அந்தச் சோதனையிலேயே ஊர் ஓட்டப் பகுதி ஒன்று, நெடுஞ்சாலைப் பகுதி ஒன்று என்று பிரித்துத்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் ஷோரூமில் வாங்குகிறவர் கையில் கொடுப்பது ஒரே எண். ஊருக்குள் எவ்வளவு என்று தனியாக எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம்? இத்தனை பேர் ஒர்க் ஷாப்பில் போய் ஏமாறுவதாவது குறையும்.

ரோட்டைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மார்த்தாண்டத்தில் 2018-ல் மேம்பாலம் திறந்தார்கள். வெட்டுவெந்நியில் ஏறினால் பம்மத்தில்தான் இறக்கம். நாகர்கோவில் போகிறவருக்கு நல்லது. சந்தைக்குப் போகிற உங்களுக்குப் பாலத்தின் அடியில் அதே பழைய ரோடு. பஸ், ஆட்டோ, சரக்கு இறக்குகிற வண்டி, இரண்டு ஓரமும் பார்க்கிங். நம் பக்கத்து நால்வழிச்சாலை வேலையோ ஆண்டுக்கணக்கில் இழுபடுகிறது. நின்று நின்று போக வைப்பது ரோடு, அதற்கு எரிகிற பெட்ரோலுக்குக் காசும் வரியும் கொடுப்பது நாம்.

இப்போது அந்த 7,500 ரூபாய்க்கு வருகிறேன். இன்ஜெக்டரில் உண்மையாகவே கோளாறு இருந்தால் வண்டி மைலேஜில் மட்டும் காட்டாது. நின்ற இடத்தில் ஓடும்போது (ஐடிலில்) உதறும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், மிதித்தால் தயங்கும், பெரும்பாலும் மஞ்சள் எஞ்சின் விளக்கும் எரியும். இதில் ஒன்றுகூட இல்லையென்றால் கிளீனிங்குக்கு அவசியமே இல்லை. “ஸ்கேன் போட்டீர்களா, என்ன கோளாறு எண் (கோட்) வந்தது, எழுதித் தாருங்கள்” என்று கேளுங்கள். உண்மையாகவே கோளாறைக் கண்டவருக்கு எழுதித் தருவதில் சிரமம் இல்லை.

சிப் என்று சொல்வதை மட்டும் எந்தக் காரணத்துக்கும் வாங்காதீர்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனர் செருகுகிற சாக்கெட்டில் மாட்டுகிற சின்ன டப்பா அது. அந்த வகை டப்பாக்களைப் பிரித்தால் உள்ளே மினுக்குகிற விளக்கும் அதற்கான சின்ன சர்க்யூட்டும்தான் இருக்கும். பெட்ரோல் பைப்பில் கட்டுகிற காந்தமும் இந்தக் கூட்டம்தான், டேங்கில் ஊற்றுகிற மைலேஜ் திரவமும் இந்தக் கூட்டம்தான். மாட்டியபின் ஒரு வாரம் நாமே கவனமாக ஓட்டுவோம், ஒன்று இரண்டு கூடும், பேர் டப்பாவுக்குப் போகும். ஏர் ஃபில்டர் மாற்றினால் மைலேஜ் கூடும் என்பதும் கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்றைய வண்டியில் வருகிற காற்றை அளந்துதான் பெட்ரோல் தெளிக்கிறது; ஃபில்டர் அழுக்கானால் இழுவை குறையும், மைலேஜில் பெரிய வித்தியாசம் வராது. டயரில் நைட்ரஜனுக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. பங்கில் காற்று இலவசமாகக் கொடுத்தே ஆக வேண்டும். டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு, டயர் ஆறியிருக்கும்போது பிடியுங்கள்.

ஆனாலும் குறுகிய ஓட்டத்தை மட்டும் குறிபார்த்து அடிக்கிற கோளாறு ஒன்று இருக்கிறது. பழைய வண்டி என்பதால் அதை நீங்கள் பார்த்தே ஆக வேண்டும். அது தெர்மோஸ்டாட் வால்வு. எஞ்சின் ஆறியிருக்கும்போது, எஞ்சின் சூட்டைத் தணிக்கிற கூலன்ட் நீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து, 80-85 டிகிரி வந்தபின் திறந்துவிடுகிற சின்ன வால்வு. நம் ஊரில் ஒரு வண்டி ஒரு தடவை ஹீட் ஆகிவிட்டால் பல மெக்கானிக்குகள் காரணம் தேடுவதில்லை. “வால்வைக் கழத்தி விட்டுட்டேன், இனி ஹீட் ஆவாது” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். உண்மைதான், ஹீட் ஆகாது. சூடாக வேண்டிய நேரத்திலும் ஆகாது. எஞ்சின் இன்னும் ஆறிக் கிடக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு கூடுதல் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். நீண்ட ஓட்டத்தில் ஓரளவு சூடேறி இந்தக் குறை மறைந்துகொள்ளும். மூன்றரை கிலோமீட்டரில் மறைய இடமே கிடையாது. ஆயிலிலும் பெட்ரோல் கலந்து ஆயில் சீக்கிரம் கெடும்.

வீட்டிலேயே பார்க்கலாம். பல சின்ன கார்களில் ஸ்டார்ட் செய்ததும் டாஷ்போர்டில் நீல விளக்கு எரியும். எஞ்சின் கொஞ்சம் சூடானதும் அணையும். நம் வெயிலுக்கு அது மூன்று நான்கு நிமிட ஓட்டத்துக்குள் அணைய வேண்டும். கடை வரும்வரை எரிந்தால் சந்தேகப்படுங்கள். இன்னொரு வழி: காலையில் ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் அடிப்பக்கத்து ரப்பர் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். வால்வு சரியாக இருந்தால் சில நிமிடம் அது குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சுடும். தொடக்கத்திலிருந்தே எஞ்சினோடு சேர்ந்து மெதுவாக வெதுவெதுப்பானால் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது இல்லவே இல்லை. கை வைக்கும்போது ஃபேனிலிருந்து தள்ளியே வையுங்கள், சேலைத் தலைப்பைச் செருகிக்கொள்ளுங்கள். அந்த ஃபேன் திடீரென்று சுற்றும். ஸ்கேனர் இருக்கும் இடத்தில் கூலன்ட் வெப்பநிலையையும் பார்க்கச் சொல்லலாம். கால் மணி நேரம் ஓடியபின்னும் 80-ஐ எட்டவில்லை என்றால் புது வால்வு போடச் சொல்லுங்கள். கேட்ட 7,500-ஐ விட மிகக் குறைந்த செலவு அது.

பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். நம் மாவட்டத்து மழையும் உப்புக்காற்றும் பிரேக் காலிப்பரை (பேடை அழுத்துகிற பாகம்) தாங்குகிற பின்களைத் (pin) துருப்பிடிக்க வைக்கும். கொஞ்ச தூரம் ஓட்டி, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் நிறுத்தி, நான்கு சக்கரத்தின் பக்கமும் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அதுதான்.

புரோக்கர் மூலம் வாங்கியதால் ஒன்று கேட்கிறேன்: என்ஓசி (ஆர்டிஓ தருகிற ஆட்சேபணையில்லாச் சான்று) வாங்கி, தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றித் தந்துவிட்டாரா? வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும். காசு கைமாறியபின் எல்லைக்கு அந்தப் பக்கத்துப் புரோக்கர்கள் பலர் போனை எடுப்பதில்லை. 2018 ஆகஸ்டுக்கு முன் கேரளாவில் பதிவான வண்டி என்றால் இன்சூரன்ஸ் கிளைம் விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். அந்த வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளும் கைமாறித்தான் இருக்கின்றன. தண்ணீர் ஏறிய வயரிங் எந்த சென்சாரை எப்போது குழப்பும் என்று சொல்ல முடியாது.

11 என்பதை எப்படி அளந்தீர்கள் என்று எழுதவில்லை. முள்ளைப் பார்த்தோ, 500 ரூபாய்க்கு அடித்தோ அளந்திருந்தால் அதை நம்ப வேண்டாம். நாஸில் தானாக நிற்கும்வரை அடியுங்கள், கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 300 கிலோமீட்டராவது ஓடியபின் அதே பங்கில், அதே மாதிரி நிற்கும்வரை அடித்து வகுத்துப் பாருங்கள். அடிக்கும் முன் மீட்டரில் பூஜ்யம் இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. அளவில் சந்தேகம் வந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை, மறுக்க முடியாது.

ஓட்டுவதில் மாற்ற வேண்டியவை கொஞ்சம்தான். முன்னால் வண்டி நிற்கிறது என்று தெரிந்ததுமே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள், கியரை நியூட்ரலுக்குத் தள்ளாதீர்கள். கியரில் உருளும்போது இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். நியூட்ரலில் எஞ்சின் ஓட ஐடில் பெட்ரோல் எரியும். நம் ஊர் இறக்கங்களில் நியூட்ரல் போட்டு இறங்குவது மிச்சமும் இல்லை, வண்டி கைமீறவும் செய்யும். அரை நிமிடத்துக்கு மேல் நிற்பது உறுதியானால் எஞ்சினை அணையுங்கள். காலையில் ஐந்து நிமிடம் நிறுத்திவைத்துச் சூடாக்க வேண்டாம், உடனே கிளம்பி மெதுவாகப் போங்கள். முடிந்தால் மதியச் சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோய்விடுங்கள். நாளுக்கு இரண்டு நடை மிச்சம். இத்தனையும் செய்தால் 12, 13 வரும். இந்தப் பாதையில் 18 என்று சொல்கிறவரை நம்பாதீர்கள்.

கேரளாப் பெட்ரோலால் மைலேஜ் கூடாது. இரண்டு பக்கமும் அதே எண்ணெய்க் கம்பெனிகள், அதே 20 சதவீத எத்தனால் கலப்பு. எத்தனாலில் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு என்பதால், லிட்டருக்குள் இருக்கிற சக்தி 6, 7 சதவீதம் குறைகிறது. அதற்குத் தக்க வடிவமைத்த புது வண்டிகளில் இழப்பு குறைவு. உங்களுடையதைப் போன்ற பழைய வண்டியில் கொஞ்சம் தெரியும். எல்லையின் எந்தப் பக்கம் அடித்தாலும் அதேதான். விலைதான் வேறு. கேரளாவில் 2023 ஏப்ரலிலிருந்து லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதல் செஸ்ஸும் இருக்கிறது. அதனால்தான் அந்தப் பக்கத்து வண்டிகள் நம் எல்லை ஊரான களியக்காவிளைக்கு வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு போகின்றன. நீங்கள் மார்த்தாண்டத்திலேயே அடியுங்கள்.