கல்குவாரிக்கு ஆட்சேபம்: கருத்துக்கேட்புக் கூட்டம் வரை பொறுக்கலாமா?

கேள்வி: ராதாபுரம் வட்டத்தில் எங்கள் ஊருக்கு மேற்கே 4 ஹெக்டேரில் புதிய கல்குவாரிக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு குவாரிகள் ஓடுகின்றன. எங்கள் குளத்துக்கு வரும் ஓடை அந்த இடத்தை ஒட்டித்தான் போகிறது. “கருத்துக்கேட்புக் கூட்டத்தில் சொல்லிக்கொள்ளுங்கள்” என்கிறார்கள். பொறுத்திருக்கலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம். கூட்டத்துக்கு வருவது எழுதி முடித்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கை. எதையெல்லாம் ஆராய வேண்டும் என்ற வரையறை அதற்கு வெகு முன்பே முடிவாகிவிடும். சுற்றுச்சூழல் அனுமதி முறையை வகுக்கும் மத்திய அரசின் 2006 செப்டம்பர் 14 அறிவிக்கை அந்தக் கட்டத்தில் ஊரைக் கூட்டிக் கேட்கச் சொல்லவில்லை. இது பெரிய குறை. ஆனால் நீங்கள் மனு எழுதுவதை அது தடுக்கவும் இல்லை.

முதலில், கூட்டம் நடக்குமா என்பதையே உறுதிசெய்யுங்கள். 5 ஹெக்டேருக்குக் குறைந்த தனிக் குவாரிக்குப் பொதுவாகக் கூட்டம் கிடையாது. 500 மீட்டருக்குள் இருக்கும் மற்றக் குவாரிகளையும் சேர்த்து 5 ஹெக்டேரைத் தாண்டினால்தான் முழு அறிக்கையும் கூட்டமும் கட்டாயம். அந்தப் பட்டியலைத் தருபவர் கனிமவளத் துறை உதவி இயக்குநர். மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ ஓடாத குவாரியும், 2016 ஜனவரி 15-க்குள் சுற்றுச்சூழல் அனுமதி பெற்றதும் பரப்பில் சேராது. ஓடுகிற குவாரியை ஓடாதது என்று எழுதிவிட்டால் கூட்டமே இல்லாமல் போகும். ஆகவே அந்தப் பட்டியலின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பக்கத்துக் குவாரிகளுக்கு வழங்கிய நடைச்சீட்டு (கல் ஏற்றிச் செல்லும் அனுமதிச் சீட்டு) விவரத்தையும் கேட்டால் உண்மை வெளிப்படும்.

விண்ணப்பம், சுற்றுச்சூழல் அனுமதிக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் இருக்கும்; சர்வே எண்ணை வைத்துத் தேடுங்கள். கண்டதும், விண்ணப்பத்தை ஆராயும் சென்னையிலுள்ள மாநில நிபுணர் மதிப்பீட்டுக் குழுவுக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். வரையறை சில வாரங்களில் வந்துவிடும் என்பதால் தாமதம் கூடாது. “குவாரி வேண்டாம்” என்று மட்டும் எழுதினால் குழுவுக்குப் பிடி கிடைக்காது. புலப்படம் (நில அளவை வரைபடம்), அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு) நகல்களை இணைத்து, ஓடையின் சர்வே எண்ணைச் சொல்லி, குளத்து நீர்வரத்தை ஆராயக் கேளுங்கள். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் உடைக்கக் கூடாது என்கிறது 1959-ஆம் ஆண்டின் சிறுகனிம விதி. வீடுகளின் தூரத்தை அளந்து எழுதுங்கள்.

கிணறுதான் மிக முக்கியம். அறிக்கைக்கான தள ஆய்வு பெரும்பாலும் மழையில்லாத ஒரு பருவத்தில், மூன்று மாதம் நடக்கும். மார்ச் முதல் மே வரை அளந்தால் நம் பக்கத்துக் கிணறுகள் வற்றித்தான் கிடக்கும். குவாரிக் குழியால் என்ன இழப்பு என்பதே தெரியாது. வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியிலும் கிணற்று மட்டத்தை அளக்க வேண்டும் என்று கேளுங்கள். குழியின் ஆழத்தையும் வெடி அதிர்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். வரைவு அறிக்கையும் அதன் தமிழ்ச் சுருக்கமும் ஆட்சியர் அலுவலகத்தில் கிடைக்கும். குறைந்தபட்ச வருகை என்று எதுவும் இல்லாததால் புறக்கணித்தால் இழப்பு உங்களுக்கே. முன்பு மனுவில் கேட்டு அறிக்கையில் விடுபட்டதை, மனுத் தேதியோடு சொல்லுங்கள். முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசிக்க வேண்டும். விட்டதை அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள். மக்கள் எழுப்பிய ஆட்சேபங்களைக் குழு காரணத்தோடு பரிசீலிக்க வேண்டும் என்று 2009-இல் உத்கர்ஷ் மண்டல் வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றம் கூறியிருக்கிறது.

அனுமதி வந்துவிட்டால் 30 நாளுக்குள் சென்னையிலுள்ள தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யுங்கள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கும். அதைத் தாண்டினால் மேல்முறையீட்டை ஏற்க மாட்டார்கள்.