ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து ஒருவர் தேசிய அரசியல் செய்தியாளராகவும் தொலைக்காட்சி விமர்சகராகவும் ஆக முடியுமா?

முடியும். தங்கச்சிமடத்தில் இருந்துகொண்டு கல்லூரி இறுதியாண்டு படிப்பதாகவும், இந்தி தெரியாது, டெல்லியில் தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்றும் கேள்வியோடு சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். இந்தக் குறைகள் இரண்டையும் போகப்போகச் சரிசெய்துகொள்ளலாம். நான் மண்டபம் பக்கத்துக்காரன். ஒரு தமிழ் நாளிதழுக்கு ராமேசுவரத்தில் பகுதிநேர நிருபராகத் தொடங்கி, மதுரை டெஸ்க், சென்னைக் கோட்டை, பிறகு டெல்லி என்று போனேன். இப்போது மாலை நேர விவாதங்களுக்கும் கூப்பிடுகிறார்கள். வெளியுறவு, கடல் எல்லை, மத்திய மாநில உறவு, அன்றாடப் பிழைப்பு எல்லாம் ஒன்றோடொன்று மோதுகிற கரையில் பிறந்திருக்கிறீர்கள். டெல்லியில் பிறந்தவருக்கு இது வாய்க்காது.

ஒரு கைதுச் செய்தியை எடுத்துக்கொள்வோம். நெடுந்தீவு பக்கத்தில் நம் படகை இலங்கை நேவி பிடித்துவிட்டான் என்று விடியற்காலையில் கரைக்குத் தகவல் வரும். கடலுக்குப் போகும் படகுகளுக்கு மீன்வளத் துறை கொடுக்கும் டோக்கனின் பதிவைப் பார்த்துப் படகு எண்ணும் ஆட்களின் பெயரும் வாங்கி எல்லா நிருபர்களும் காலையிலேயே அனுப்பிவிடுவார்கள். அடுத்து முதல்வர் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதுவார், இரவு விவாதம் நடக்கும். பெரும்பாலோர் இத்தோடு விட்டுவிடுகிறார்கள். அரசியல் செய்தியாளருக்கு இதற்குப் பிறகுதான் வேலையே. படகு யாருடையது? போனவர்கள் கூலிக்குப் போனார்களா, பங்குக்கா? சம்மாட்டிக்கு, அதாவது படகு முதலாளிக்கு, கடன் கொடுத்தது யார்? முதல் தடவை சிக்கியவரையும் இரண்டாம் தடவை சிக்கியவரையும் ஊர்க்காவற்றுறை நீதிமன்றம் எப்படி நடத்துகிறது? இலங்கை 2017-ல் கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவை மடி வலையைத் தடைசெய்தது, 2018-ல் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைக் கடுமையாக உயர்த்தியது. அந்தச் சட்டங்களுக்குப் பின்னால் வலை அறுபட்ட யாழ்ப்பாணத்து மீனவர் நிற்கிறார். அவரும் தமிழர்தான். நம் ஊர் நாட்டுப்படகுக்காரரிடமே இழுவை மடியைப் பற்றிக் கேளுங்கள், இரண்டு கரைகளின் குறையும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று தெரியும். டெல்லி ஸ்டுடியோவில் ‘தமிழக மீனவர், சிங்களக் கடற்படை’ என்று இரண்டே தரப்பாக நறுக்கிவிடுகிறார்கள். அது எனக்கு இன்றுவரை வலிக்கிறது.

இதோடு சேர்ந்து ஆவணம் படிக்கும் பழக்கம் வேண்டும். 2024 மார்ச் கடைசியில், தேர்தல் நேரத்தில், பிரதமர் கச்சத்தீவைப் பற்றிப் பேசியதும் நாடு முழுக்க அதே பேச்சாக இருந்தது. தீவு இலங்கை வசமான 1974 ஒப்பந்தத்தின் 5-வது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் பயண ஆவணமோ விசாவோ இல்லாமல் தீவுக்கு வந்துபோகலாம் என்கிறது. ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்பது 1976-ல் இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் பரிமாறிக்கொண்ட கடிதத்தில் வருகிறது. நான் கேட்ட விவாதங்கள் பலவற்றில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பினார்கள். இரண்டுமே சில பக்கங்கள்தான், ஒரு மாலையில் படித்துவிடலாம். ‘மீட்போம்’ என்பவரிடமும் ‘முடிந்துபோன கதை’ என்பவரிடமும் சரியான கேள்வியைக் கேட்க அந்த வாசிப்பு போதும்.

அதேபோல 2017 ஜூலை 27 அன்று கலாம் நினைவிடத்தைத் திறக்க வந்த பிரதமர், ஆழ்கடல் மீன்பிடிப் படகுக்கான அனுமதிக் கடிதங்களை மீனவர்களிடம் கொடுத்தார். படகு விலை 80 லட்சம் ரூபாய், அதில் மத்திய மாநில அரசுகளின் மானியம் 70 சதவீதம் என்று திட்டம். திறப்பு விழாவை எழுத எல்லோரும் வந்தார்கள். மீதி 24 லட்சத்தை ஒரு குடும்பம் எங்கே போய்ப் புரட்டும், ஆழ்கடலுக்குப் பழகாத ஆட்களை வைத்து அந்தப் படகை எப்படி ஓட்டும் என்று வருடாவருடம் போய்க் கேட்பவரிடம்தான் எழுதத்தக்க அரசியல் கதை சேரும். இப்படி ஒரே விஷயத்தை விடாமல் பின்தொடரும் பொறுமையைத்தான் இந்தத் தொழிலின் மூலதனம் என்பேன்.

அமெரிக்காவில் டேவிட் பிராடர் என்று ஓர் அரசியல் செய்தியாளர் இருந்தார். 2011-ல் காலமானார். இல்லினாய் மாநிலத்தின் புளூமிங்டன் என்ற சிறிய ஊர் நாளிதழில் 1953-ல் தொடங்கி, நாடாளுமன்ற நடவடிக்கைகளை மட்டுமே பதிவுசெய்யும் இதழ் ஒன்றில் சில வருடம் உழைத்து, 1966-ல் வாஷிங்டன் போஸ்ட்டுக்கு வந்தார். 1973-ல் புலிட்சர் விருது பெற்றார். ‘மீட் தி பிரஸ்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 400 தடவைக்கு மேல் அமர்ந்தவர். அவ்வளவு பெயர் வந்த பிறகும் தேர்தல் வந்தால் சாதாரண வாக்காளர்களின் வீட்டுக் கதவைத் தட்டி, வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பார். அந்த வரிசையைக் கவனியுங்கள்: முதலில் ஊர், பிறகு ஆவணம், பிறகு தலைநகர், கடைசியில் கேமரா. தொலைக்காட்சிக்கு அவர் கொண்டுபோனது வாசல்படியில் கேட்டதைத்தான்.

நம் தொகுதியிலேயே இதைப் பழகலாம். 2024-ல் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றதும், அதே பெயரில் வேறு சிலர் மனுப் போட்டதும் தேசியச் சேனல்களை ராமநாதபுரத்துக்கு இழுத்து வந்தன. நவாஸ் கனி ஜெயித்தார், வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். இந்தத் தொகுதி ராமநாதபுரத்தின் நான்கு சட்டமன்றத் தொகுதிகளோடு அறந்தாங்கியையும் திருச்சுழியையும் சேர்த்து மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. முதுகுளத்தூர்க் கரிசல்காட்டு வாக்கும் பாம்பன் கரை வாக்கும் ஒரே காரணத்துக்காக விழுவதில்லை. வாக்குச்சாவடி வாரியாக எண்ணிக்கை தரும் படிவம் 20-ஐ இறக்கி, உங்கள் ஊர்ச் சாவடியை 2019, 2024 இரண்டுக்கும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு அந்தத் தெருவில் போய்க் கேளுங்கள்.

வேலைக்குப் போகும் வழி சுருக்கமாக: பகுதிநேர நிருபர் வேலையில் சம்பளம் பெயருக்குத்தான் இருக்கும். விளம்பரம் பிடித்துத் தரச் சொல்லும் இடங்களும் உண்டு. செய்தி எழுதும் ஆளிடமே விளம்பரம் வாங்கச் சொன்னால் அங்கே நீண்ட நாள் இருக்காதீர்கள். வசதி இருந்தால் சென்னையில் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம், டெல்லியில் ஐஐஎம்சி (இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம்) போன்ற இடங்களில் படிக்கலாம், உதவித்தொகை பற்றி விசாரியுங்கள். படிக்காமலும் வரலாம். ஆங்கிலத்தில் தினமும் எழுதுங்கள். இந்தி, கட்சி அலுவலகங்களில் உட்கார்ந்து பேசும் அளவுக்காவது வேண்டும், அது டெல்லி போன பிறகே வரும். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் செய்தியாளர்களுக்குத் தரும் அங்கீகார அட்டைக்கு 5 வருட முழுநேர அனுபவம் கேட்பார்கள். அதுவரை நாடாளுமன்றக் கேள்வி பதில்களை இணையத்தில் படியுங்கள். நட்சத்திரக் குறியிடாத கேள்விகளுக்கு வரும் எழுத்துப்பூர்வ பதில்களில் நல்ல செய்திகள் கேட்பாரற்றுக் கிடக்கும்.

தொலைக்காட்சியைப் பற்றி ஒன்று. மதியம் போன் வரும், தலைப்பு சொல்வார்கள், இரவு உட்கார வேண்டும். ‘அரசியல் விமர்சகர்’ என்ற பட்டத்தைத் திரையில் யாருக்கு வேண்டுமானாலும் போடுகிறார்கள், கட்சிக்காகப் பேச வருகிறவருக்கும். நீங்கள் விசாரிக்காத விஷயத்துக்கு வர முடியாது என்று சொல்லுங்கள். அடுத்த வாரம் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம் வரும். கைதையும் தேர்தலையும் பற்றிப் பேச ஆள் தேவைப்படும்போது, களம் தெரிந்தவர் என்று உங்களையே தேடுவார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது.

எப்போது தொடங்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிக்கிறது, ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படகைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் அந்த 61 நாளும் பேச எல்லோருக்கும் நேரம் இருக்கும். நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் கரைக்கே போங்கள். முதலில் படகின் கடன் கணக்கைக் கேளுங்கள், கட்சியைப் பற்றிப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.