ஃபைட்டர் மீன் நிறம் மாறுகிறது, நுரை கக்குகிறது, படுத்துக் கிடக்கிறது: கேள்வி பதில்

ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகளைப் படித்தேன். பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் வந்து முடிகின்றன: "இது சாதாரணம்தானா, நோயா?" பதினெட்டு ஆண்டுகளாக இந்த மீனோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நான் கால்நடை மருத்துவன் அல்ல.

பெண் ஃபைட்டர் ஒன்றைச் சென்னை கொளத்தூரில் வாங்கி நான்கு நாட்கள் ஆகின்றன. கடையில் கருநீலமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் வெளிறிப்போய், உடம்பின் நீளவாக்கில் இரண்டு கறுப்புக் கோடுகளோடு மூலையில் நிற்கிறது. மீனை மாற்றிக் கொடுத்துவிட்டார்களா அண்ணா?

கடைக்காரரைத் திட்டாதீர்கள் தம்பி, அதே மீன்தான். அந்த நீளக் கோடுகள் பயத்தின் அடையாளம். பெண் மீன்களிலும் வளரும் குஞ்சுகளிலும் நன்றாகத் தெரியும். தோலில் உள்ள கறுப்பு நிறச் செல்களுக்குள் இருக்கும் துகள்கள் பரவினால் மீன் கறுக்கும், ஒடுங்கினால் வெளுக்கும். பயம், தூக்கம், பின்னணி, வெளிச்சம் என எல்லாவற்றுக்கும் அவை அசையும். கடையில் அது இருட்டு மூலையில், பாதாம் இலை ஊறிய பழுப்புத் தண்ணீரில் இருந்திருக்கும். உங்கள் வீட்டில் வெள்ளைக் கூழாங்கல்லும் எல்இடி விளக்குமாக இருந்தால் வெளுக்காமல் என்ன செய்யும்? புது வீட்டில் முதல் இரவு நமக்கே தூக்கம் வருவதில்லை.

இரண்டு நாட்கள் விளக்கை அணைத்து வையுங்கள். ஒளிந்துகொள்ள ஒரு செடியோ காய்ந்த பாதாம் இலையோ போடுங்கள். கண்ணாடியைத் தட்ட வேண்டாம் என்று வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கோடுகள் குறுக்கே, முதுகிலிருந்து வயிற்றுக்கு இறங்கினால் அர்த்தமே வேறு. அது இணை சேரத் தயாராக இருக்கும் பெண். வயிற்றின் அடியில் ரவை போல ஒரு வெள்ளைப் புள்ளியும் தெரியும், அது முட்டையிடும் குழாய். நீளக் கோடு மறைந்து குறுக்குக் கோடு வர சில நிமிடங்கள் போதும்.

வாரம் ஒன்றாகியும் வெளிறியே இருந்தால், துடுப்புகளை உடம்போடு ஒட்டி மடக்கியே வைத்திருந்தால், அப்போது தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினீர்களா? ஒரு தீபாவளிக்கு வீட்டைக் கழுவிய உற்சாகத்தில் தொட்டியையும் முழுக்கக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பினேன். மறுநாள் காலையில் மூன்று மீன்கள் சாயம் போன துணி மாதிரி நின்றன. குளோரின் ஒரு பக்கம், கழிவைத் தின்னும் நல்ல பாக்டீரியாவை நானே கழுவி ஊற்றியது மறு பக்கம். ஆன்டி குளோரின் சொட்டு மருந்து இல்லாமல் தண்ணீர் மாற்றாதீர்கள். ஒரு நாள் வாளியில் வைத்தால் குளோரின் பறந்துவிடும் என்பது சரிதான், ஆனால் சில ஊர்த் தண்ணீரில் கலக்கும் குளோரமின் அப்படிப் போகாது.

ஐயா, என் மீன் அடிக்கடி மேலே வந்து வாய் திறந்து காற்றைக் குடிக்கிறது. ஏர் பம்ப் வாங்க வேண்டுமா?

வேண்டாம். செவுளுக்கு மேலே லேபிரிந்த் என்ற மடிப்பு மடிப்பான உறுப்பு இதற்கு உண்டு. அதனால் நேரடியாகவே காற்றைச் சுவாசிக்கும். தாய்லாந்தின் நெல் வயல்களிலும் சதுப்புகளிலும் பிராணவாயு குறைந்த ஆழமில்லாத நீரில் வாழ்ந்து பழகிய இனம். நம் பனையேறிக் கெண்டைக்கும் இதே உறுப்புதான்.

இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை வந்து ஒரு மிடறு எடுத்துவிட்டுத் திரும்பினால் சாதாரணம். மேலேயே தொங்கிக்கொண்டு, செவுள் படபடவென அடித்தால் கழிவிலிருந்து வரும் அம்மோனியா தண்ணீரில் ஏறியிருக்கிறது என்று சந்தேகித்து, அன்றே கால்பங்கு தண்ணீரை மாற்றுங்கள். தொட்டியை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். காற்றுக்கு இரண்டு அங்குலம் விட்டு, மேலே மூடி போடுங்கள். துள்ளிக் குதித்துக் காய்ந்துபோன மீன்களை நான் பார்த்திருக்கிறேன்.

தண்ணீரின் மேல் ஓரத்தில் நுரை படிந்திருக்கிறது. தண்ணீர் கெட்டுவிட்டதா? பெண் மீன் எதுவும் என்னிடம் இல்லை.

கெட்ட தண்ணீரின் நுரை பரந்து கிடக்கும், கொஞ்சம் வாடையும் அடிக்கும். ஒரு மூலையில், இலைக்கு அடியிலோ ஃபில்டர் குழாய்க்குப் பக்கத்திலோ, சின்னச் சின்னக் குமிழ்கள் நெருங்கி அடுக்கினாற்போல் இருந்தால் அது உங்கள் மீன் கட்டிய கூடு. காற்றை வாயில் எடுத்து, எச்சிலில் சுற்றித் துப்பும். பெண் இல்லாவிட்டாலும் ஆண் கட்டும். "கூடு கட்டினால் மீன் சந்தோஷமாக இருக்கிறது" என்று கடைகளில் சொல்வார்கள். பாதிதான் உண்மை. மோசமான தண்ணீரில் கட்டிய மீன்களும் உண்டு, நல்ல தொட்டியில் கடைசி வரை கட்டாத சோம்பேறிகளும் உண்டு.

கூடு எதற்கென்று ஒரு முறை பார்த்துவிட்டால் மறக்க மாட்டீர்கள். ஆண் தன் உடம்பை வளைத்துப் பெண்ணைச் சுற்றிக்கொள்ளும். சில நொடிகள் இரண்டும் அசையாது. பிடி தளர்ந்ததும் வெள்ளை முட்டைகள் ரவை கொட்டினது போலக் கீழே விழும். பெண் மயங்கினாற்போல் மிதக்கும். ஆண் மட்டும் பாய்ந்து, ஒவ்வொன்றாக வாயில் பொறுக்கி, மேலே கொண்டுபோய்க் குமிழுக்குள் ஊதி ஒட்டும். பிறகு திரும்ப அணைப்பு, திரும்பப் பொறுக்கல். முடிந்ததும் பெண்ணை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கூடு கட்டியவன் கொன்றே போடுவான். ஒன்றரை நாளில் குஞ்சுகள் வால் கீழாகத் தொங்கும். ஒன்று நழுவி விழுந்தாலும் அப்பன் பிடித்து மறுபடி ஒட்டுவான். தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்தது நானும் அவனும்தான்.

வெள்ளை உடம்பில் நீலப் புள்ளிகள் உள்ள மார்பிள் மீன் வாங்கினேன். ஆறு மாதத்தில் பாதி உடம்பு நீலமாகிவிட்டது. நன்றாகச் சாப்பிடுகிறது, சுறுசுறுப்பாகவும் இருக்கிறது. என்ன நோய்?

நோயே இல்லை. மார்பிள் வாங்கினால் இன்றைய மீனைத்தான் வாங்குகிறீர்கள், நாளைய மீனை அல்ல. 'கோய்' என்று கூடுதல் விலைக்கு விற்கப்படுவதும் மார்பிள் வகைதான் என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அழகான சிவப்பு, கறுப்புத் திட்டுகளுக்காகப் பெரிய தொகை கொடுத்துவிட்டு, எட்டு மாதம் கழித்து ஒரே நிறத்து மீனைப் பார்த்து நொந்தவர்கள் எனக்குத் தெரிந்தே பலர்.

ஃபைட்டர் மீனின் தோலில் நிறங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன: மஞ்சள், கறுப்பு, சிவப்பு, இவற்றோடு மினுமினுக்கும் அடுக்கு ஒன்று. நீலமும் பச்சையும் உண்மையில் சாயமே அல்ல. செல்லுக்குள் இருக்கும் குவானின் என்ற பொருளின் படிகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்பும் வித்தை. அதனால்தான் சாய்ந்து விழும் காலை வெயிலில் பச்சையாகத் தெரிந்த மீன், டியூப்லைட்டில் நீலமாகத் தெரிகிறது. இதற்கும் எனக்குக் கடிதங்கள் வந்திருக்கின்றன.

மார்பிளில் நடப்பது வேறு. மரபணுத் தொகுப்புக்குள் ஒரு துண்டு இடம்விட்டு இடம் தாவுவதால், சில செல்களில் நிறம் அணைந்தும் சில செல்களில் திரும்ப எரிந்தும் விடுகிறது என்று கருதப்படுகிறது. வீட்டில் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கும் குழந்தை மாதிரி. தாவும் மரபணு என்பதை முதலில் கண்டுபிடித்தது மீனில் அல்ல, மக்காச்சோளத்தில். ஒரே கதிரில் ஒவ்வொரு தானியமும் வேறு வேறு நிறத்தில் இருப்பதைப் பல ஆண்டுகள் கவனித்த அமெரிக்க மரபியலாளர் பார்பரா மெக்ளின்டாக்குக்கு 1983இல் நோபல் பரிசு கிடைத்தது. மார்பிள் வகை உருவானதற்கு வளர்ப்பவர்களிடையே ஒரு கதை உண்டு: அமெரிக்காவின் இந்தியானா சிறையில் இருந்த ஒரு கைதி, கறுப்பு மீன் உருவாக்கப் போய்த் தற்செயலாகக் கிடைத்ததாம்.

என்னிடம் ஒன்று இருந்தது. வரும்போது பால் வெள்ளை, வாலோரத்தில் மட்டும் பேனா மை தெளித்தாற்போல் நான்கைந்து நீலப் பொட்டுகள். மூன்றாம் மாதம் முகம் கறுத்தது. ஏழாம் மாதம் உடம்பெல்லாம் நீலம். வீட்டுக்கு வந்த நண்பர், "பழையது செத்துப்போய் புதுசு வாங்கிவிட்டு மறைக்கிறாய்" என்று சத்தியம் கேட்டார். பிறகு வயிற்றில் மறுபடியும் வெள்ளை விழுந்தது. மாதம் ஒரு படம் எடுத்து வையுங்கள். நண்பர்களிடமிருந்து தப்பிக்கலாம்.

மார்பிளாக இருந்தாலும் நோய் வரும்தான். ஆனால் உங்கள் மீன் சாப்பிடுகிறது, துடுப்பை விரிக்கிறது, நீந்துகிறது. நிறம் மாறட்டும்.

அப்படியானால் எந்த நிற மாற்றத்துக்குத்தான் பயப்பட வேண்டும்?

உடம்பில் மஞ்சள் தூள் தூவினாற்போல் இருந்தால். வெல்வெட் என்பார்கள். சாதாரண வெளிச்சத்தில் தப்பிவிடும். அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள். துரு நிறத்தில் பொடி மின்னும். மீன் கல்லில் உரசும், துடுப்பை மடக்கும். அந்த ஒட்டுண்ணி ஒளிச்சேர்க்கையும் செய்யும் என்பதால் தொட்டியைத் துணியால் மூடி இருட்டாக்குவது சிகிச்சையில் பாதி. மருந்து மறு பாதி, தனிப் பாத்திரத்தில், புட்டியில் உள்ள அளவுப்படி. தாமிரம் கலந்த மருந்தைக் கண்ணளவில் ஊற்றுவது கொலை.

உப்புக்கல் போல் தனித்தனி வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது இக், அதுவும் ஒட்டுண்ணிதான். துடுப்பு ஓரம் கறுத்தோ சிவந்தோ நாளுக்கு நாள் கரைந்தால் துடுப்பழுகல். ஒரே ராத்திரியில் வாலில் கடித்த பிஸ்கட் மாதிரி வளைவாக ஒரு துண்டு காணாமல் போயிருந்தால், கடித்தவன் அவனேதான். அரைவட்டமாக விரியும் கனமான வாலைச் சுமக்கும் ஹாஃப் மூன் மீன்கள் சலிப்பிலும் எரிச்சலிலும் தம் வாலையே கடிக்கும். ஆறும்போது ஓரத்தில் கண்ணாடிபோலத் தெளிவான சவ்வு வளரும். அதைப் பார்த்து "பூஞ்சை" என்று மருந்து ஊற்றாதீர்கள்.

கண்மேல் வெள்ளிச் செதில் படர்வது டிராகன் ஸ்கேல் வகையில் நடக்கும். மருந்து கிடையாது. பார்வை குறையும். தீனியை எப்போதும் ஒரே மூலையில் போட்டுப் பழக்குங்கள்.

கண்ணாடி காட்டினால் சிலிர்த்துக்கொண்டு சண்டைக்கு வருகிறது. பிள்ளைகள் நாள் முழுக்கக் காட்டுகிறார்கள். தவறா?

செவுள் மூடியை விரித்து, அதன் அடியில் தாடிபோல ஒரு சவ்வை இறக்கி, துடுப்பெல்லாம் விறைத்து நிற்பது இதன் இயல்பு. தாய் மொழியில் இதன் பெயரே 'பிளா கட்', அதாவது கடிக்கும் மீன். 2019இல் தாய்லாந்து இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.

ஐந்து நிமிடம் காட்டினால் அதற்கு உடற்பயிற்சி. நாள் முழுக்கக் காட்டினால் வாசலில் ரவுடி நிற்பதாக நினைத்துத் தூங்காமல் காவல் காக்கும். தொட்டிக் கண்ணாடியில் தன் நிழலையே பார்த்து மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தால், பின்பக்கம் அட்டை ஒட்டி, அறையில் வெளிச்சத்தைக் கூட்டித் தொட்டி விளக்கைக் குறையுங்கள். இரண்டு ஆண்களை ஒன்றாக விட்டுச் 'சும்மா பார்ப்பது' பற்றிக் கேட்ட அந்த ஒருவருக்கு: விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவது 1960ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம்.

மார்கழியில் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, நிறமும் மங்கல். கோயம்புத்தூர்.

குளிர். தெர்மாமீட்டர் வாங்குங்கள். 25 முதல் 28 டிகிரி வேண்டும். 22க்குக் கீழே போனால் செரிமானமே மந்தமாகிவிடும். சிறிய ஹீட்டர் போட்டு மெதுவாக ஏற்றுங்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள்.

தினமும் எவ்வளவு தீனி?

வயிறு அதன் கண்ணளவுதான். காலை இரண்டு மூன்று உருண்டை, மாலை அதே. வாரம் ஒரு நாள் பட்டினி. வயிறு உப்பினால் பட்டாணி கொடுக்கச் சொல்வார்கள். பூச்சி தின்னும் மீனுக்குப் பட்டாணி எதற்கு? டாஃப்னியா எனப்படும் நீர்த்தெள்ளு கிடைத்தால் அதைக் கொடுங்கள்.

அம்மாவும் நானும் காலையில் எழுந்து பார்த்தால் மீன் இலைமேல் சரிந்து கிடக்கிறது. செத்துவிட்டதென்று இரண்டு முறை அழுதுவிட்டோம். மூன்று வருடமாக வளர்க்கிறோம். முகமெல்லாம் நரைத்தது போல வெளுத்திருக்கிறது.

அழாதீர்கள் அம்மா, தூங்குகிறது. இவை இலையில் சாய்ந்தும், இடுக்கில் நுழைந்தும், சில சமயம் தலைகுப்புறவும் தூங்கும். தூக்கத்தில் வெளுக்கும், எழுந்ததும் நிறம் திரும்பும். விளக்கைப் போட்டுச் செவுள் அசைகிறதா என்று பாருங்கள். சில நிமிடங்களில் எழுந்து வந்துவிடும்.

முகம் வெளுப்பது வயதுதான். பொதுவாக இரண்டிலிருந்து நான்கு ஆண்டுதான் இதன் ஆயுள். கடையில் வாங்கும்போதே சில மாத வயது கழிந்திருக்கும். உங்கள் மீன் கிழவர். மேலே வந்து காற்று எடுப்பதற்கே அதற்கு மூச்சு வாங்கும். தண்ணீர் மட்டத்தைக் குறையுங்கள், ஃபில்டர் வேகத்தைக் குறையுங்கள், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அகலமான இலை ஒன்றைப் பொருத்துங்கள். என் சிவப்பு ஆணுக்குக் கடைசி ஐந்து மாதம் நான்கு அங்குலத் தண்ணீர்தான். கண் மங்கிவிட்டது. தண்ணீரின் மேல் விரல் நுனியால் மூன்று முறை தொட்டால், அலை வந்த பக்கம் திரும்பி, இலையிலிருந்து மெல்ல எழுந்து வந்து தீனியை வாங்கிக்கொள்ளும்.