நாள்பட்ட சிறுநீரக நோய் விழித்திரையை எவ்வாறு பாதிக்கிறது?

சிறுநீரக நோயாளியைக் கண் பரிசோதனைக்கு அனுப்புவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். சிறுநீரகமும் விழித்திரையும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களை நம்பியே இயங்குகின்றன. அக்குழாய்களின் உட்சுவரைச் சிதைக்கும் சர்க்கரை நோயும் உயர் இரத்த அழுத்தமும் இரண்டையும் ஒருசேரத் தாக்குகின்றன.

3 மாதங்களுக்கு மேல் நீடிக்கும் சிறுநீரகப் பாதிப்பையே நாள்பட்டது என்கிறோம். அந்நிலையில் இரத்த அழுத்தம் மேலும் ஏறுவதால் விழித்திரையின் சிறு தமனிகள் குறுகித் தடிக்கின்றன; இரத்தத்தில் தேங்கும் கழிவுகளும் நீடித்த அழற்சியும் குழாய்ச் சுவரை வலுவிழக்கச் செய்ய, இரத்தமும் நீரும் கொழுப்பும் கசிகின்றன. நுண்குழாய் அடைபட்ட இடத்தில் நரம்பிழைகள் ஆக்சிஜன் கிடைக்காமல் வீங்கி, பஞ்சுத் துணுக்குகள் போன்ற வெண்திட்டுகளாகத் தெரிகின்றன. இரத்தசோகை இந்தப் பற்றாக்குறையை இன்னும் கூட்டுகிறது.

நரம்புகளுக்கு நேரும் சேதம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது, ஏனெனில் அது ஓசையின்றி நிகழ்கிறது: மூளைக்குச் செய்தி கொண்டுசெல்லும் நரம்பிழைப் படலம் மெலிந்திருப்பதை, பார்வை தெளிவாக உள்ள சிலரிடமும், விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேன் காட்டுகிறது, இறந்த நரம்புச் செல்கள் மீண்டும் வளர்வதில்லை. ஆகவே, பார்வை மங்கும்வரை காத்திராமல், கண்மணியை விரிவாக்கிச் செய்யும் பரிசோதனையை மருத்துவர் கூறும் இடைவெளியில் செய்துகொள்ளுங்கள். பார்வை திடீரென மங்கினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.